போன் பெட்டியில் இன்னும் ஒரு வரி அச்சிடுங்கள்

இந்தியாவில் குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்களை விற்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். நீங்கள் விற்கும் ஒவ்வொரு போனுக்குள்ளும் ஓடும் லினக்ஸ் கெர்னலை, அதாவது ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருந்து போனின் உறுப்புகளையும் செயலிகளையும் ஆளும் மைய நிரலைப் பற்றித்தான் இந்த மடல். கேமரா எத்தனை மெகாபிக்சல், எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும் என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். கெர்னலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் எவ்வளவு நாளில் அடைப்பீர்கள், எந்த ஆண்டு வரை அடைப்பீர்கள் என்பதை மட்டும் வாங்குபவர் கண்ணில் படும்படி சொல்வதே இல்லை.

ஒரு செயலி இன்னொரு செயலியின் தகவலைத் தொடவிடாமல் தடுத்து வைத்திருப்பது கெர்னல்தான். செயலியில் பிழை இருந்தால் பெரும்பாலும் பாதிப்பு அதோடு நின்றுவிடும். கெர்னலிலேயே பிழை என்றால், டார்ச் லைட் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்த ஒரு செயலி வங்கிச் செயலி இருக்கும் இடம் வரை போய்விடலாம்.

2017 நவம்பரில் என்ன நடந்தது என்று உங்கள் பொறியாளர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செயலிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் பைண்டர் என்ற கெர்னல் பகுதியில் ஒரு பிழையை, தானாகவே பிழை தேடும் கூகுளின் சிஸ்பாட் கண்டுபிடித்தது. விடுவித்துவிட்ட நினைவகத்தைக் கெர்னல் மறுபடியும் தொடுகிற வகைப் பிழை அது. 2018 பிப்ரவரியில் திருத்தம் வந்து, லினக்ஸ் கெர்னலின் 4.14 பதிப்பு வரிசையிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் போன் நிறுவனங்கள் பார்த்துத் திருத்தும் ஆண்ட்ராய்டின் மாதாந்தரப் பாதுகாப்பு அறிக்கையில் அது இடம்பெறவில்லை. அதனால் ஏற்கெனவே விற்ற எத்தனையோ போன்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. 2019 செப்டம்பரில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவின் மேடி ஸ்டோன் அதை மறுபடி கண்டெடுத்தபோது, அதை வைத்து நிஜமாகவே தாக்குதல் நடக்கிறது என்ற தகவலும் உடன் இருந்தது. பாதிக்கப்பட்ட போன்களின் பட்டியலில் கூகுளின் சொந்த பிக்சல் 2 இருந்தது. நம் ஊரில் ஏராளமாக விற்ற ரெட்மி 5ஏ-வும் இருந்தது.

மருந்து கையில் இருந்தும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் நோயாளிக்குக் கொடுக்காத கதை இது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. லினக்ஸ் திறந்த மூலம் என்பதால் திருத்தம் எல்லோர் கண்ணெதிரிலும்தான் நடக்கிறது. எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது என்று பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்தவருக்குப் புரிந்துவிடும். ஆக, திருத்தம் வெளியான நாளிலிருந்து உங்கள் அப்டேட் போனில் வந்து இறங்கும் நாள் வரை, தாக்க நினைப்பவனுக்கு வழிகாட்டிக் குறிப்பு கையில் இருக்கிறது. போன் வைத்திருப்பவருக்கு எதுவும் இல்லை.

வேகமாகச் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. டர்ட்டி பைப் என்ற இன்னொரு கெர்னல் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வரில் லாக் கோப்புகள் (நடப்பைப் பதிந்து வைக்கும் கோப்புகள்) கெட்டுப்போகின்றன என்ற வாடிக்கையாளர் புகாரை விடாமல் துரத்திப் போய் மாக்ஸ் கெல்லர்மன் என்ற நிரலாளர் பிடித்தது அது. (அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு கும்பிடு போடலாம்.) 2022 பிப்ரவரி 20 அன்று அவர் கெர்னல் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிவித்தார். 23-ஆம் தேதி திருத்தப்பட்ட கெர்னல்கள் வெளியாகிவிட்டன. மறுநாள் ஆண்ட்ராய்டு கெர்னலிலும் சேர்த்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அறிக்கையில் அது வந்தது மே மாதத்தில். கெர்னலை எழுதுபவர்கள் சில நாட்களில் முடித்த வேலை, போனை நோக்கி வரும் வழியில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது.

எங்கள் தெருவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அக்காவின் போனை அண்மையில் வாங்கிப் பார்த்தேன். வியாபாரம் முழுக்க அந்த போனில்தான்: யுபிஐ, வங்கி, மகளின் பள்ளிக் குழு எல்லாமே. செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் 2022-ஆம் ஆண்டோடு நின்றிருந்தது. கெர்னல் 4.14. அந்த வரிசைக்கு லினக்ஸ் தரப்பிலேயே 2024 ஜனவரியில் பராமரிப்பு முடிந்துவிட்டது. அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கும் பொத்தானை அழுத்தினால் பச்சை டிக் போட்டு, "உங்கள் போன் அப்டேட்டாக உள்ளது" என்று வருகிறது. "அதான் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுதே தம்பி" என்றார் அக்கா. அவர் வேறு என்ன நினைப்பார்? அந்தப் பச்சை டிக் பொய். இந்த மாடலுக்கு இனி அப்டேட் வராது என்று திரையில் நேரடியாகச் சொல்லுங்கள். நாலு வரி நிரல் எழுதினால் முடிகிற வேலை இது. இதற்குக்கூட மனமில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

உங்கள் சிரமம் புரியாமல் இல்லை. கெர்னல் திருத்தம் கூகுளுக்கு வந்து, சிப் நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் டிரைவர்களோடு (சிப்பை இயக்கும் நிரல்களோடு) சேர்த்துக் கொடுத்து, நீங்கள் ஒவ்வொரு மாடலிலும் சோதித்து அனுப்ப வேண்டும். செலவுதான். ஆனால் ஆண்ட்ராய்டு 12-இலிருந்து, 5.10 கெர்னலோடு வெளியாகும் போன்களில் பொதுக் கெர்னல் தனியாகவும் சிப் நிறுவனத்தின் டிரைவர்கள் தனியாகவும் பிரிக்கப்பட்டுவிட்டன. பழைய காரணம் முன்புபோல் முழுதாகச் செல்லாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், ஒரு மாடலைச் சந்தைக்கு அனுப்புவது நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு என்று அப்டேட்டைக் கணக்கிடுகின்றன. பிரிட்டனில் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதை வெளியிடுவது 2024 ஏப்ரல் 29 முதல் கட்டாயம். உங்களில் பலர் அங்கேயும் விற்கிறீர்கள். இங்கே மட்டும் ஏன் அறிமுகமான நாளிலிருந்து கணக்கு? வெளியாகி இரண்டு ஆண்டான மாடலைத் தள்ளுபடியில் வாங்குபவருக்கு மிஞ்சுவது என்ன? அந்த விலையில் வாங்குபவர்தான் போனை அதிக காலம் வைத்திருப்பார். பிறகு வீட்டில் இன்னொருவருக்கும் கொடுப்பார்.

கணக்கைக் கடைசி விற்பனையிலிருந்து தொடங்குங்கள். நடப்பில் சுரண்டப்படும் கெர்னல் ஓட்டை என்றால் மற்ற அப்டேட்டுகளுக்காகக் காத்திராமல் அதை மட்டும் தனியாக அனுப்புங்கள். ஒரு மாடலைக் கைவிடும்போது பூட்லோடரை (போனைத் தொடங்கி வைக்கும் நிரலை; பூட்டியிருந்தால் வேறு இயங்குதளம் போட முடியாது) திறக்க வழி கொடுங்கள், கெர்னல் மூலநிரலையும் முழுதாக வெளியிடுங்கள்; மூலநிரலைத் தருவது லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல் உரிமப்படி எப்படியும் உங்கள் கடமை. ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லினேஜ்ஓஎஸ் இயங்குதளத்தை உருவாக்குவோர் போன்ற தன்னார்வக் குழுக்கள் அதைக் கொண்டு அந்த போன்களுக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் தர முடியும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் பிடிக்கும் என்றால், முதலில் அந்த ஒரு வரி. எம்ஆர்பி, தயாரித்த மாதம், ஐஎம்இஐ எண், எஸ்ஏஆர் அளவு (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அளவு) எல்லாம் பெட்டியில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் கீழே, "பாதுகாப்பு அப்டேட் இந்த மாதம், இந்த ஆண்டு வரை" என்று தமிழிலும் அச்சிடுங்கள். எந்த போன் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். இனி நான் முதலில் பார்க்கச் சொல்லப் போவது அந்தத் தேதியைத்தான்.

இப்படிக்கு,
லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் ஒரு பணியாளர்,
மதுரை