யாரிடம் கொடுத்த வாக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலக் கனடாவைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரை, பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் பத்திரிகையாளர் ஆந்த்ரே லோரந்தோவைப் ‘போரை எதிர்த்த பிரெஞ்சு இனவாதி’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. மொன்றியலுக்கு வந்த பின் பிரெஞ்சு படித்து, அவருடைய எழுத்துகளை அம்மொழியிலேயே வாசித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1942ஆம் ஆண்டின் கட்டாய ஆட்சேர்ப்பு நெருக்கடியைப் பற்றி அவர் எழுதிய நூல், இருபது ஆண்டுகள் கழித்து, 1962இல் வெளிவந்தது. போர் சரியா தவறா என்பதைவிட, ஒரு வாக்குறுதியின் கதியே அந்நூலின் மையப் பொருள். 1939இல் போர் தொடங்கியபோது, கடல் கடந்த போர்முனைக்கு எவரையும் கட்டாயமாக அனுப்புவதில்லை என்று பிரதமர் மக்கென்சி கிங்கின் அரசு உறுதி கூறியது. அந்த அக்டோபரில் நடந்த கியூபெக் மாகாணத் தேர்தலில், எர்னெஸ்ட் லப்புவான்ட் முதலிய மத்திய அமைச்சர்கள் அந்த உறுதிக்குத் தங்கள் பதவிகளையே பிணையாக வைத்துப் பேசினர். மாகாண முதல்வர் துப்லெசியின் ஆட்சி வீழ்ந்தது. முதல் உலகப் போரில் கட்டாய ஆட்சேர்ப்பைக் கொண்டுவந்த 1917ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதை எதிர்த்த கலவரத்தின்போது 1918 ஈஸ்டர் நாட்களில் கியூபெக் நகரத் தெருவில் படையினர் சுட்டு நால்வர் இறந்ததையும் மறக்காத மக்களுக்கு அந்த வாக்கு வெறும் தேர்தல் பேச்சாக இருக்கவில்லை.

1942 ஏப்ரல் 27 அன்று, பழைய வாக்குறுதிகளிலிருந்து தன்னை விடுவிக்குமாறு அரசு பொது வாக்கெடுப்பு நடத்தி நாடு முழுவதையும் கேட்டது. கேள்வித்தாளில் ‘கட்டாய ஆட்சேர்ப்பு’ என்ற சொல்லே இல்லை என்பதும், ‘இல்லை’ என்ற தரப்புக்குப் பொது வானொலியில் நேரம் மறுக்கப்பட்டது என்பதும் தங்கள் கட்டுரையில் இடம்பெறவில்லை. அத்தரப்பைத் திரட்டிய கனடா பாதுகாப்புக் கழகத்தின் செயலாளர் லோரந்தோதான். அப்போது அவருக்கு வயது முப்பது. கியூபெக்கில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் ‘இல்லை’ என்றனர். ஏனைய மாகாணங்களில் எண்பதை ஒட்டியோர் ‘ஆம்’ என்றனர். சிறுபான்மையிடம் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவதற்குப் பெரும்பான்மையிடம் அனுமதி கேட்பது எப்படி முறையாகும் என்பதே லோரந்தோவின் கேள்வி. கடன் கொடுத்தவனை விட்டுவிட்டு, ஊரைக் கூட்டிக் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்வதைப் போன்றது இது. இக்கேள்விக்குத் தங்கள் கட்டுரையாளர் பதில் சொல்லியிருந்தால், லோரந்தோவை அவர் மறுத்திருந்தாலும் நான் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். இத்தனை ஆரவாரத்துக்குப் பின், 1944 இறுதியில் எடுத்த முடிவின்படி கடல் கடந்து அனுப்பப்பட்ட கட்டாயப் படையினருள் போர்முனைப் பிரிவுகளை அடைந்தவர்கள் ஏறக்குறைய 2,500 பேர் மட்டுமே.

அவர் எழுதியது அனைத்தையும் நான் ஏற்பதாகக் கருத வேண்டாம். அந்நாட்களில் பிரெஞ்சுக் கனடியர் ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் இருப்பவர்களைப் போல உணர்ந்தனர் என்று அவர் எழுதும் இடத்தில், பாரிஸ் உண்மையிலேயே நாஜிகளின் பிடியில் இருந்த காலம் அது என்பதை எண்ணாமல் என்னால் மேலே படிக்க இயலவில்லை. ‘இனவாதி’ என்ற சொல்லுக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. 1933இல், இருபத்தொரு வயதில், ‘இளைய கனடா’ இயக்க மேடையில் அவர் யூதர்களுக்கு எதிராகப் பேசினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், யாரும் வற்புறுத்தாமல், அதைத் தாமே அச்சில் நினைவுகூர்ந்து வருந்தினார். கட்டுரையாளர் இவ்விரண்டையுமே குறிப்பிடவில்லை.

பண்பாட்டு உறவுகளைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியவையே எனக்கு மேலும் முக்கியமாகத் தோன்றுகின்றன. ‘லெ தெவ்வார்’ நாளிதழில் 1962 ஜனவரியில் அவர் எழுதிய தலையங்கம், இருமொழி நிலையை ஆராய விசாரணைக் குழு ஒன்று வேண்டும் என்று கோரியது. மறு ஆண்டு பிரதமர் பியர்சன் அரச ஆணைக்குழுவை அமைத்து, டேவிட்சன் டன்டனுடன் லோரந்தோவையும் இணைத்தலைவராக்கினார். ஒட்டாவாவின் மத்திய அரசை நம்பி ஒருமுறை ஏமாந்தவர் அப்பொறுப்பை ஏற்றதைக் கியூபெக்கிலேயே பலர் ஏற்கவில்லை. 1968 ஜூன் முதல் நாள், பணி முடியும் முன்பே காலமானார். அதற்கடுத்த ஆண்டு ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் சம நிலை தந்த அதிகாரமொழிச் சட்டம் நிறைவேறியது. ‘நாட்டை நிறுவிய இரு மக்கள்’ (ஆங்கிலேயர், பிரெஞ்சியர்) என்ற அந்த ஆணைக்குழுவின் அடிப்படைச் சொற்றொடரில் முதற்குடி மக்களுக்கு இடமில்லை. மேற்கு மாகாண உக்ரேனியர் முதலியோர் எங்களுக்கு எங்கே இடம் என்று கேட்டனர். அக்கேள்வியின் தொடர்ச்சியாகவே 1971இன் பன்முகப் பண்பாட்டுக் கொள்கை வந்தது. அதன் நிழலில்தான் பின்னர் இங்கு வந்த நம்மவர்கள் சங்கங்களையும் தமிழ் வகுப்புகளையும் நடத்தி வருகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். மீண்டும் முதல்வராகியிருந்த துப்லெசியின் அத்துமீறல்களைக் கண்டும் வாய் திறவாத மொன்றியல் ஆங்கில நாளிதழ்களைக் கண்டித்து, 1958 ஜூலை 4 அன்று லோரந்தோ எழுதிய கட்டுரையைத் தாங்கள் தமிழில் வெளியிட வேண்டும். தமது நலனுக்கு இடையூறு செய்யாதவரை உள்ளூர் அரசன் தன் மக்களை எப்படி நடத்தினாலும் கண்டுகொள்ளாத ஆங்கிலேயக் குடியேற்ற ஆட்சி முறையை அவர் அதில் உவமையாக்குகிறார். மொழிபெயர்க்க நானே முயன்றேன். கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல் ஒன்று அதன் தலைப்பிலேயே இருப்பதால், அதைத் தமிழில் எப்படித் தருவது என்று தெரியாமல் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

இங்ஙனம்,
மொன்றியல் வாசகர் ஒருவர்