புது எச்.எம்முக்கு பேச ஒரு ஆள் வேணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உசிலம்பட்டி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில எச்.எம்மா, அதாவது தலைமை ஆசிரியரா, இருந்து ரிட்டயர் ஆனவன் எழுதுறேன். போன வாரம் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுல, முன்னாடி எங்கூட வேலை பாத்த ஒரு டீச்சரம்மாவ பாத்தேன். புரமோஷன்ல எச்.எம் ஆகி ரெண்டு மாசமாம். வாழ்த்து சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள "சார், திரும்ப பட்டதாரி டீச்சராவே போயிரலாமான்னு இருக்கு"ன்னாங்க.

இருபது வருஷத்துக்கு மேல கணக்கு நடத்துனவங்க அவங்க. சீனியாரிட்டியில பேரு வந்துச்சு, கவுன்சிலிங்ல ஊரு கெடச்சுச்சு, சாவியும் சீலும் கைக்கு வந்துச்சு, மறுநாளே சம்பள பில்லு, டீச்சருங்களோட பணிப்பதிவேடு, எமிஸ் வெப்சைட்டுல பசங்க விவரம் ஏத்துறது, பரீட்சை எழுதுற பசங்க பேர்ப்பட்டியல், பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம், ஓடாத மோட்டாரு, சத்துணவுல பருப்பு வேகலன்னு சண்டைக்கு வந்த ஒரு அப்பா, எல்லாம் ஒரே நாள்ல வாசல்ல வந்து நின்னா பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க.

ட்ரெயினிங்கே இல்லன்னு சொல்ல மாட்டேன். டெல்லியில இருக்குற நீபாங்கிற மத்திய அரசோட கல்வி நிர்வாக நிறுவனத்துல பள்ளித் தலைமைக்குன்னே 2012ல ஒரு தேசிய மையம் ஆரம்பிச்சாங்க. தேசியக் கல்விக் கொள்கை 2020லயும் எச்.எம்மும் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது பயிற்சி எடுக்கணும்னு இருக்கு (அந்தக் கொள்கையோட நம்ம மாநிலத்துக்கு இருக்குற சண்டை தனிக்கதை). ஆனா ஹால்ல ஏசிக்கு கீழ ஸ்க்ரீன்ல ஸ்லைடு பாத்துட்டு வர்றதுக்கும் திங்கக்கிழமை காலைல ப்ரேயர்ல நிக்கிறதுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு சார், விழுந்தவனுக்குத்தான் தெரியும்.

நானும் விழுந்தேன். முதல் வருஷம் ஒரு வாத்தியார் மேல பத்தாவது பசங்க ஒரே புகார், நான் ஆபீசுக்கு கூப்பிட்டு சத்தம் போட்டேன், அவரு முறைச்சுக்கிட்டாரு. சேடப்பட்டி பக்கத்துல ஒரு பெரியவர், எனக்கு முன்னாடியே எச்.எம்மா இருந்து ஓய்வு பெத்தவரு, சும்மா பாக்க வந்தாரு. புலம்பித் தீத்தேன். அவரு யோசனையெல்லாம் சொல்லல, "நீங்க அவரு கிளாஸ்ல போய் உக்காந்து பாத்தீங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. நாலு மாசமா நான் யாரு கிளாசுக்கும் போகலங்கிறதே அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, பேப்பர்லயே கெடந்திருக்கேன். போய் உக்காந்தேன். மனுஷன் நல்லாத்தான் நடத்துறாரு, பாதிப் பசங்களுக்கு போன வருஷப் பாடமே ஏறல, அதுதான் விஷயம்.

புதுசா வர்ற ஒவ்வொரு எச்.எம்முக்கும் முதல் ஒரு வருஷம் இப்படி ஒரு ஆள் வேணும்னுதான் கேக்குறேன். மாசத்துக்கு ரெண்டு தடவ ஸ்கூலுக்கு வரணும், மத்த நாள்ல போன் பண்ணுனா எடுக்கணும். ஆனா அது ஆய்வுக்கு வர்ற அதிகாரியா இருக்கவே கூடாது. ரிப்போர்ட் எழுதுறவர்கிட்ட "எனக்கு இது தெரியல சார்"னு எந்த எச்.எம்மாவது சொல்லுவாங்களா? மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ) ஆபீசுக்கு ஒரு வரி கூட போகாதுன்னு நம்பிக்கை இருந்தாத்தான் மனசு விட்டுப் பேச்சு வரும்.

சிங்கப்பூர்ல பிரின்சிபால் ஆகப் போறவங்கள ஆறு மாசம் முழுநேரமா உக்கார வச்சு படிக்க வைக்கிறாங்க. நமக்கு அது ஆகாது, அந்த ஆறு மாசம் இங்க பாடம் யாரு எடுக்குறது? ஆனா 2021ல இல்லம் தேடிக் கல்விக்கு ஊர் ஊரா தன்னார்வலர்கள சேத்தோம்ல, அதே மாதிரி இதுக்கும் சேக்கலாம். செக்கானூரணியில இருந்து பேரையூர் வரைக்கும் ரிட்டயர் ஆன எச்.எம்முங்க காலைல வாக்கிங் போயிட்டு டீக்கடையில உங்க பேப்பரத்தான் படிச்சுக்கிட்டு இருக்கோம். பஸ் காசு குடுத்தாப் போதும், அதுவும் லேட்டாக் குடுத்தாலும் பரவால்ல.

அந்த டீச்சரம்மாகிட்ட என் நம்பர குடுத்துட்டு வந்தேன். நேத்து ராத்திரி கேஷ்புக்ல சந்தேகம்னு கூப்பிட்டாங்க. அது அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுச்சு, அப்புறம் முக்கால் மணி நேரம் வேற என்னென்னவோ பேசுனாங்க, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்,
உசிலம்பட்டி.