சப்சிடில மெஷின் குடுக்கறீங்க, அதுக்கு பெட்ரோல் எங்கீங்க வாங்கறது?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க.

நான் பாலக்காடு மாவட்டம் முதலமடைப் பக்கம் கோவிந்தாபுரத்துல இருந்து எழுதறேன். கேரளா மண்ணுதான், ஆனா வீட்டுல தமிழு, தோப்புல தமிழு, காலையில டீக்கடைல படிக்கறதும் உங்க பேப்பருதான். ஒம்பது வருசமா புல்வெட்டு மெஷின் வெச்சு கூலிக்கு ஓட்டறேன். எங்கூர்ல மலையாளத்துக்காரங்க காடுவெட்டு யந்திரம்பாங்க, ஆனமலை பொள்ளாச்சிப் பக்கம் போனா பிரஷ் கட்டர்னு சொன்னாத்தான் தெரியும். மாந்தோப்பு, தென்னந்தோப்பு ரெண்டுலயும் வேலை இருக்கு. மழை விட்டு புல்லு இடுப்பளவு நிக்கறப்ப எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

போன மாசம் உங்க வேளாண் பக்கத்துல இந்த மெஷினுக்கு மானியம் கிடைக்கும்னு போட்டிருந்தீங்க. நல்ல சேதிதான். மத்திய அரசோட ஸ்மாம் திட்டத்துல சிறு குறு விவசாயிக்கும் பொம்பளைங்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி.க்கும் பாதி விலை, மத்தவங்களுக்கு நூத்துக்கு 40 வரைக்கும் கழிவு. எல்லாஞ்சரி, வாங்கிட்டு வந்த மெஷினுக்கு பெட்ரோல் ஊத்தறது எப்படின்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்கறீங்களே, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

மெஷினத் தோள்ல மாட்டிட்டு பங்க்குக்குப் போக முடியாதுங்க. தோப்பு அஞ்சு கிலோமீட்டர் உள்ள கெடக்கும், ரெண்டு மெஷினுக்கும் சேத்து ஒரு நாளைக்கு நாலஞ்சு லிட்டர் வேணும், அப்ப கேன்லதான வாங்கோணும். பங்க்ல போய்க் கேட்டா, சேட்டா கேன்ல தரான் பற்றில்ல, தர முடியாதுன்னு கைய விரிச்சிர்றாங்க. சரி எல்லை தாண்டி அந்தப் பக்கம் போனா லிட்டருக்கு அஞ்சு ரூவா போல கொறையுமேன்னு போனா அங்கயும் அதே பேச்சு, தமிழ்ல சொல்றாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அவங்களையும் குத்தம் சொல்ல முடியலீங்க. 2022 செப்டம்பர்ல கோயமுத்தூர் பொள்ளாச்சிப் பக்கம் பெட்ரோல் குண்டு வீசுனாங்க, 2023 ஏப்ரல்ல கோழிக்கோடு எலத்தூர்கிட்ட ஓடற ரயில்லயே ஒருத்தன் பெட்ரோல ஊத்திப் பத்த வெச்சான், அதுக்கப்புறம் பாட்டில நீட்டுனாலே பங்க் பையன் போலீஸ நெனச்சு நடுங்கறான். நடுங்கட்டும், தப்பில்ல. ஆனா நான் நீட்டுனது வாட்டர் பாட்டில் இல்லீங்க, மூடி இறுக்கற தகர கேன்.

என்ற அண்ணன் மக எர்ணாகுளத்துல சட்டம் படிக்கறா. அவதான் 1934ஆம் வருசத்து பெட்ரோலியம் சட்டத்த எடுத்துக் காட்டுனா. விக்கறதுக்கு இல்லாம சொந்த உபயோகத்துக்குன்னா மொத்தமா 30 லிட்டர் வரைக்கும் லைசென்ஸ் இல்லாமயே வெச்சுக்கலாமுங்க, எடுத்துட்டும் போலாம். ஆனா எதுல வெக்கோணும்னு அதுலயே போட்டிருக்கு, கண்ணாடி இல்ல பீங்கான்னா ஒரு லிட்டருக்கு மேல கூடாது, உலோக டப்பான்னா 25 லிட்டர் வரைக்கும், எதுவானாலும் மூடி இறுக்கமா இருக்கோணும். பிளாஸ்டிக்கப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, 1934ல வாட்டர் பாட்டிலுக்கு எங்க போறது. ஆக நான் கேட்டது சட்டத்துல இருக்கற விசயம்தான். அதை பங்க் மேனேஜர்கிட்ட சொன்னா, நீங்க சொல்றது இருக்கட்டும் மேல இருந்து ஆர்டர் வேற மாதிரின்னு அனுப்பி வெச்சுட்டாரு.

அப்ப நாங்க என்ன பண்றம்? பைக்குல ஃபுல் டேங்க் போட்டுட்டு தோப்புக்கு வந்து டியூபப் போட்டு வாயில உறிஞ்சி எடுக்கறம். ஒரு வாய் தொண்டைக்குள்ள போச்சுன்னா அன்னிக்கு பூரா ஏப்பத்துல பெட்ரோல் நாத்தம்தான். எடுத்தத எதுல புடிக்கறது, அதே பிளாஸ்டிக் பாட்டில்லதான். எது வேண்டாம்னு தடுத்தாங்களோ அதையேதான் ஒளிஞ்சு செய்யறம்.

முன்னால எல்லாம் ஒரு தடவை கெஞ்சிக் கூத்தாடி அஞ்சு லிட்டர் வாங்கி வெச்சா, வேலை இல்லாம ரெண்டு மாசம் கெடந்தாலும் கெட்டுப் போகாது. இப்ப அதுவும் நடக்காது. இப்ப வர்றது ஈ-20 பெட்ரோல், நூத்துக்கு இருபது பங்கு எத்தனால். எத்தனாலுக்கு தண்ணின்னா உசுரு, மழைக்காலத்துல மூடி கொஞ்சம் லூசா இருந்தாப் போதும், காத்துல இருக்கற ஈரத்தையே இழுத்துக்கும். ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா பெட்ரோல விட்டுப் பிரிஞ்சு தண்ணியோட சேந்து அடியில தங்கிரும். டேங்க்குள்ள ஃபில்டர் மாட்டுன குழாய் அடியிலதான கெடக்குது, அது உறிஞ்சறது இந்தத் தண்ணியத்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குன்னு பெட்ரோல்ல நாம கலந்த 2டி ஆயில் மேல பெட்ரோலோட மெதக்கும், அடியில வர்றதுல ஆயிலே இருக்காது. கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வெயில்ல புடிச்சுப் பாருங்க, அடியில தனியா ஒரு கோடு தெரிஞ்சா அத மெஷின்ல ஊத்தாதீங்க. இதுக்காகத்தான் நான் ரெண்டு வாரத்துக்கு மேல வெக்கறதில்ல, கொஞ்சங்கொஞ்சமா அடிக்கடி வாங்கறேன். அடிக்கடி வாங்கோணும்னா அடிக்கடி கேன நீட்டோணும், இப்பப் புரியுதுங்களா என்ற கஷ்டம்?

இந்த உறிஞ்சற பொழப்புல போன வருசம் பட்டது ஒண்ணு சொல்றேன். என்கிட்ட மெஷின் ரெண்டு. ஒண்ணு 52 சிசி டூ ஸ்ட்ரோக், இன்னொண்ணு 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வெறும் பெட்ரோல், எஞ்சின் ஆயில் தனி அறையில 100 மில்லி. டூ ஸ்ட்ரோக்குக்கு தனி ஆயில் அறையே கெடையாது, பெட்ரோல்லயே கலந்துதான் ஊத்தோணும். அன்னிக்கு பங்க்ல தரல, வேலைக்கு நேரமாச்சு, பைக்குல இருந்து அவசர அவசரமா ஒரு பாட்டில் புடிச்சு வெச்சுட்டு நான் கயிறு மாத்தப் போயிட்டேன், செட்டுக்கு வர்ற பையன் கலந்ததாக்கும்னு நெனச்சு டூ ஸ்ட்ரோக்குல ஊத்திட்டான். கால் மணி நேரம் நல்லாத்தான் ஓடுச்சு, அப்புறம் சத்தம் ஒரு மாதிரி இறுகி இறுகி கிரீச்சுன்னு நின்னுருச்சு, ஸ்டார்ட் பண்ற கயித்த இழுத்தா அசையக் காணோம். பொள்ளாச்சில மெக்கானிக் பிரிச்சுக் காட்டுனாரு, பிஸ்டன் பூரா மேலிருந்து கீழ நகத்துல கீறுன மாதிரி கோடு, ரிங்கு ஒட்டிப் போய்க் கெடக்குது. 3,400 ரூவா, நாலு நாள் வேலை போச்சு. பையன் மேல தப்பில்ல, பாட்டில்ல என்னன்னு எழுதி ஒட்டாதது நாந்தான். பெரும்பாலும் 2டி ஆயில்ல சாயம் இருக்கும், கலந்தா பெட்ரோலு பச்சையாவோ நீலமாவோ செவப்பாவோ தெரியும், அவசரத்துல அதை யார் பாத்தா.

எவ்வளவு கலக்கறதுங்கறதுலயே ஆயிரம் சண்டை. ஆளுக்கொரு அளவு சொல்றாங்க, சில பேரு பாட்டில் மூடிக் கணக்கு. மெஷினோட வந்த புக்கப் பாருங்க, ஆயில் டப்பாவுலயும் போட்டிருக்கும். பெட்ரோல் 25க்கு ஆயில் 1னா லிட்டருக்கு 40 மில்லி, 40க்கு 1னா 25 மில்லி, 50க்கு 1னா 20 மில்லி. கொழந்தைக்கு இருமல் மருந்து குடுக்கற மூடிலயே அளவு போட்டிருக்கு, அதுல ஒண்ணு எடுத்து இதுக்குன்னே ஒதுக்கி வெச்சுட்டாப் போச்சு. கொறஞ்சா பிஸ்டன் போகும், ஜாஸ்தியா ஊத்துனா பொகை, பிளக் கருத்துப் போகும், சைலன்சர் வாய்ல கரி கட்டி மெஷினுக்கு இழுவை இருக்காது. கலக்கறத கேன்லயே கலக்குங்க, மெஷின் டேங்க்ல தனித்தனியா ஊத்தாதீங்க.

ஊத்தறப்பத்தான் ஆபத்து. பக்கத்துத் தோப்புல ஒருத்தரு சூடா இருக்கற மெஷின்ல பாட்டில சாய்ச்சு ஊத்தி, கொஞ்சம் வழிஞ்சு சைலன்சர்ல பட்டு குப்புன்னு புடிச்சிருச்சு, மண்ணள்ளிப் போட்டு அணைச்சாங்க, தொடைல இன்னிக்கும் தழும்பு இருக்கு. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, காத்தவிட கனம், தரையோட தரையா பரவி நிக்கும். அதனால நான் மெஷின நிறுத்தி பத்து நிமிசம் ஆற விட்ருவேன். பீடி குடிக்கற நேரம்தான், ஆனா பீடி தள்ளிப் போய்க் குடிக்கோணும். காஞ்ச புல்லு இல்லாத வெறும் மண்ணுல மெஷின வெச்சு, மூடியச் சுத்தி தொடச்சுட்டுத்தான் தெறக்கறது, இல்லாட்டி புல்லுத் தூள் உள்ள விழுந்து ஃபில்டர் அடைச்சுக்கும். மூடிய மெதுவா திருகோணும், உள்ள இருக்கற காத்து உஸ்ஸுன்னு வரும். கழுத்து வரைக்கும் ரொப்பக் கூடாது. ஊத்தி முடிச்சு தொடச்சுட்டு பத்தடி தள்ளிப் போய்த்தான் கயித்த இழுப்பேன். இதெல்லாம் புனல் வெச்ச தகர கேன்ல சுளுவா செய்யலாம், நசுங்குன வாட்டர் பாட்டில்ல செய்ய முடியாதுங்க.

மத்த பராமரிப்பு பெருசா ஒண்ணுமில்ல. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச வெயில் காலத்துல தெனமும் சோப்புத் தண்ணில அலசி நல்லா காய வெச்சு மாட்டறது, கத்தி கிட்ட இருக்கற கியர் பாக்ஸுக்கு அப்பப்ப கிரீஸ். சீசன் முடிஞ்சா டேங்க காலி பண்ணி, அப்புறம் ஸ்டார்ட் பண்ணி தானா நிக்கற வரைக்கும் ஓட விட்ருங்க, இல்லாட்டி கார்புரேட்டர் உள்ள இருக்கற மெல்லிசான ரப்பர் தகடு வெறைச்சுப் போய் அடுத்த வருசம் எத்தன இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

நான் கேக்கறது ஒண்ணுதான் ஐயா. ஆதார் பாருங்க, மெஷின் பில்லப் பாருங்க, நோட்டுல பேரெழுதி கையெழுத்து வாங்குங்க, ஆனா தகர கேன் கொண்டு வர்ற விவசாயிக்கும் கூலிக்காரனுக்கும் அஞ்சு லிட்டர் குடுங்கன்னு ரெண்டு மாநிலத்துலயும் பங்க்குகளுக்கு எழுத்துல ஒரு உத்தரவு வரோணும். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வந்தா தொரத்தி விடுங்க, நானே கூட வந்து தொரத்தறேன். மானியம் குடுக்கற ஆபீஸ்லயே மெஷினோட ஒரு தகர கேனும் அளவு மூடியும் சேத்துக் குடுத்தா இன்னும் நல்லது, ஐநூறு ரூவா சமாச்சாரம்.

கொஞ்சம் நீளமாயிருச்சு, வெட்டிக்கோங்க, ஆனா அந்த 1934 சட்டத்தப் பத்தினத மட்டும் விட்றாதீங்க, பேப்பர்ல வந்தா அத வெட்டி எடுத்து சட்டைப்பைல வெச்சுட்டு பங்க்குக்குப் போவேன். நாளைக்கு ஆனமலைல பத்து ஏக்கர் தென்னந்தோப்பு ஒத்துக்கிட்டேன், இன்னிக்கு பொழுதோட பைக்குல இருந்து நாலு லிட்டர் உறிஞ்சோணும்.

இப்படிக்கு,
ஒரு புல்வெட்டுக்காரன்,
கோவிந்தாபுரம், பாலக்காடு மாவட்டம்.