முன்பணம் கொடுக்கும் முன் மதுபான உரிமம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உணவகம் தொடங்குபவர்கள் பலர் இடம் பிடித்து, உள்வேலை முடித்த பிறகுதான் மதுபான உரிமத்துக்கு அலைகிறார்கள். வரிசையே தலைகீழ். அந்தக் கட்டடத்தில் மது விற்கலாமா, பள்ளியும் வழிபாட்டுத் தலமும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். தூரத்தை வாசலிலிருந்து அளப்பதா, சுற்றுச்சுவரிலிருந்தா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதை உரிமம் தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'உரிமம் மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் திரும்ப வரும்' என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

அதிகம் சிக்குவது விண்ணப்பத்தோடு கொடுக்கும் கட்டட வரைபடத்தில்தான். மது பரிமாறும் மேடை, இருப்பு அறை, அவசர வழி எல்லாம் கட்டியபடியே அதில் இருக்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத ஒரு கதவை ஆய்வாளர் பார்த்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். வெளியே நான்கு நாற்காலி போட்டு மது பரிமாற எண்ணினால், அந்த இடத்தையும் வரைபடத்தில் உரிமம் கேட்கும் பகுதியின் எல்லைக்கோட்டுக்குள் காட்டுங்கள்.

பல இடங்களில் உட்கார்ந்து குடிக்க ஒரு வகை உரிமம், பாட்டிலாக வாங்கிச் செல்ல வேறு வகை. எல்லா ஆவணத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். விண்ணப்பத்தில் பங்குதாரர் யாரையும் விட்டுவிடாதீர்கள். பின்னால் தெரியவந்தால் கிடைத்த உரிமமும் பறிபோகலாம். நடக்கும் கடையையே விலைக்கு வாங்கினாலும், பழைய உரிமம் தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடும் என்று நம்பி விற்பனையைத் தொடர வேண்டாம்.

- ஒரு வாசகர்