மெசியே பட்டியலில் ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியே தொகுத்த பட்டியலின் 110 பொருள்களும் நெபுலாக்கள் (விண்வெளியில் உள்ள வாயு, தூசு முகில்கள்), விண்மீன் கொத்துகள், விண்மீன் மண்டலங்களே எனத் தங்கள் வானியல் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. 40ஆம் எண்ணில் இருப்பவை இரண்டு விண்மீன்கள் மாத்திரமே. முந்தைய நூற்றாண்டின் வானியலாளர் ஹெவேலியஸ் குறித்த நெபுலாவைத் தேடிய மெசியே, 1764இல் அவ்விரண்டையே கண்டும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். 73ஆம் எண் இன்னும் சுவையானது: நெபுலாத் தன்மை உண்டு என 1780இல் அவர் எழுதிய நான்கு விண்மீன்களும் வெவ்வேறு தொலைவுகளில் இருந்துகொண்டு, தற்செயலாக ஒரே திசையில் தெரிபவை. இரணைமடுக் குளக்கட்டில் சிறு தொலைநோக்கியால் பார்த்தபோது எனக்கும் அது முதலில் புகைபோலவே தெரிந்தது. உருப்பெருக்கத்தைக் கூட்டியதும் புள்ளிகளாகப் பிரிந்தது. ஆகவே மெசியேயைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மாணவர்கள் வெட்டி ஒட்டிவைக்கும் பக்கம் என்பதால், அடுத்த இதழிலேயே திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.