எரர் கோடு இல்லாத வண்டி நல்ல வண்டியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பொக்லைன் வாங்குவோருக்கு யோசனை சொல்லும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். டிராக் செயின் தேய்மானம், பக்கெட் பின் ஆட்டம், பூமில், அதாவது வண்டியின் பெரிய கையில், போட்ட பழைய வெல்டிங் பற்றியெல்லாம் எழுதியவர் பொறுப்பாகவே எழுதியிருக்கிறார். மின்சாரப் பகுதிக்கு வந்ததும் நான்கு வரியில் முடித்துக்கொண்டார். சாவியைப் போட்டுத் திரையைப் பார்க்க வேண்டுமாம். எரர் கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் எண், எதுவும் வரவில்லையென்றால் வயரிங் பற்றிக் கவலையில்லையாம். வந்தால், அது சொல்லும் சென்சாரை மாற்றிவிட்டால் போதுமாம்.

அந்த வரிகளைப் படித்த நாளிலிருந்து மனம் ஆறவில்லை. சங்ககிரிப் பக்கம் பல வருடங்களாக இந்த வண்டிகளின் வயரிங் வேலையைத்தான் செய்து வருகிறேன். கடன் வாங்கி வண்டி எடுக்கும் ஒரு மனிதர் அந்த வரிகளை நம்பினால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

விற்பனைக்கு நிற்கும் வண்டியில் கோடு இல்லாமல் இருப்பது பெரிய காரியமே இல்லை. முதல் நாள் ஒருவர் கருவியை மாட்டி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போயிருப்பார். எஞ்சின் சூடேறி, பூமைத் தூக்கி, சுற்றி, பாரம் ஏற்றிய பிறகுதான் பல கோடுகள் திரும்பி வரும். அதைவிடக் கொடுமை, கெட்டுப்போன வெப்ப சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் கப்ளரில், அதாவது வயர் வந்து சேரும் இணைப்பில், மின்தடை தரும் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி டேப் சுற்றி வைப்பது. வண்டியின் கணினியான கண்ட்ரோலருக்கு எப்போதும் ஒரே வெப்பம் தெரியும், கோடு வரவே வராது. பிறகு எஞ்சின் உண்மையிலேயே கொதித்தாலும் எச்சரிக்க எதுவும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் விடியற்காலை சாவியை மட்டும் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், கூலண்ட், உள்ளே போகும் காற்று, ஹைட்ராலிக் ஆயில் மூன்றின் வெப்பத்தையும் திரையில் பார்க்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 70 டிகிரி காட்டினால் அந்த கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். கட்டுரையில் இதற்கு இடமில்லாமல் போனது எப்படி?

கோடு வந்தால் சென்சாரை மாற்றலாம் என்பதற்கும் வருகிறேன். கரூர் பக்கத்துக் கல்குவாரியில் ஓடும் 20 டன் வண்டி ஒன்று, ஃபைனான்ஸில் எடுத்த பழைய வண்டி, ஒரு காலையில் இழுவை விட்டுப்போனது. மடிக்கணினியோடு வந்தவர்கள் திரையில் 157 என்ற எண்ணைப் பார்த்தார்கள். அது காமன் ரெயில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம். சென்சாரை மாற்றினார்கள், போகவில்லை. 102 இருந்தது, பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம். அதையும் மாற்றினார்கள். 100, அதாவது எஞ்சின் ஆயில் அழுத்தம். அதற்கும் பில். கடைசியில் எஞ்சினின் கண்ட்ரோலரான ஈசிஎம் போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அந்த விலையைக் கேட்ட முதலாளி வண்டியை ஃபைனான்ஸ்காரரிடமே விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது பட்டியலில் 3509 என்று நான்காவதாக ஒன்றும் இருந்தது. அது சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளையைக் குறிக்கும் எண். அந்தப் பெயரில் கடையில் விற்க எந்தப் பொருளும் இல்லை, அதனால்தானோ என்னவோ, ஒருவரும் அதைத் தொடவே இல்லை. நான்கிலும் அடுத்திருந்த, கோளாறின் விதத்தைச் சொல்லும் எண் 4, வோல்டேஜ் அளவுக்குக் கீழே என்று பொருள். மூன்று சென்சார்கள் ஒரே காலையில் சேர்ந்து கெடுமா? 5 வோல்ட் வயரில் மீட்டரை வைத்தால் ஒரு வோல்ட்கூட இல்லை. அந்தச் சப்ளையில் இருந்த சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றியும் ஏறவில்லை. ஆகவே கோளாறு சென்சார்களில் இல்லை, வயரைத் தேடிப் போனேன். எஞ்சினுக்குப் பின்புறம் ஒரு கிளிப் உடைந்து, வயர்க் கட்டான ஹார்னஸ் இரும்பு பிராக்கெட்டில் உரசி, ஒரு வயரில் அரிசி மணி நீளத்துக்குச் செம்பு தெரிந்தது. வயரைச் சரிசெய்து, ஸ்லீவ் போட்டு, புதுக் கிளிப் மாட்டியதும் வண்டி அன்றே வேலைக்குப் போனது. அதற்கு முன் மாற்றிய சென்சார்களுக்கு அந்த மனிதர் கொடுத்த பணம் ஒரு மாதத் தவணையைவிட அதிகம். அது திரும்ப வராது.

கனரக வண்டிகளின் கண்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் பொது முறையான ஜே1939-இல் வரும் கோடு இரண்டு எண்களாக வருகிறது. முதல் எண் எந்த இடம் என்பதைச் சொல்லும், இரண்டாவது என்ன விதமான கோளாறு என்பதைச் சொல்லும். 110 கூலண்ட் வெப்பம். அதோடு 0 வந்தால் எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறது, ரேடியேட்டரையும் ஃபேன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். அதே 110-உடன் 3 வந்தால் வோல்டேஜ் அளவுக்கு மேலே, வயர் அறுந்திருக்கலாம், கப்ளர் கழன்றிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மருந்தாக சென்சாரை மாற்றச் சொல்வதா? இரண்டு வயர் மட்டும் உள்ள வெப்ப சென்சாரில் ஹார்னஸ் பக்கக் கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் 3 போய் 4 வர வேண்டும். வந்துவிட்டால் வயரும் கண்ட்ரோலரும் நன்றாக இருக்கின்றன, அப்போது சென்சாரை வாங்கலாம். வராவிட்டால் சென்சாருக்குக் காசு செலவழிக்கக் கூடாது. ஐந்து நிமிட வேலை.

அதே கட்டுரையில் ரோட்டோர மெக்கானிக்குகள் ஊகத்தில் வேலை செய்பவர்கள் என்றும் ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. தங்கள் இதழை முதல் இதழிலிருந்து சேர்த்து வைத்திருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது எங்களைப் புண்படுத்திவிட்டது. ஊகத்தில் பாகம் மாற்றியது யார் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். வயரிங் படம் கேட்டால் எங்களுக்குத் தருவதில்லை. இரண்டாவது கையாக வாங்கியவர் கேட்டாலும் தருவதில்லை. மழைக்காலத்தில் கப்ளருக்குள் பச்சை பூத்த பின்னை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வதும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் பக்கெட்டில் வெல்டிங் வைத்துக் கண்ட்ரோலரை எரித்துவிட்டு வருபவருக்குப் பதில் சொல்வதும் நாங்கள்தான். ஐடிஐயில் மெக்கானிக் டீசல் முடித்து என்னிடம் வரும் பையன்களுக்கு கண்ட்ரோலர்களை இணைக்கும் இரண்டு வயர் கேன் லைனில் மீட்டர் வைக்கக்கூடத் தெரிவதில்லை. பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரண்டு வயருக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் வர வேண்டும், 120 வந்தால் ஒரு முனையின் ரெசிஸ்டரோ அதற்குப் போகும் வயரோ விட்டுப்போயிருக்கிறது என்று நான்தான் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறேன். இதைப் பற்றித் தங்களுக்கு முன்பும் ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை. புது வண்டி அறிமுக விழாவுக்கு வண்ணப் படங்களோடு பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது.

கட்டுரையில் கோமாட்சு பிசி200-7 வண்டியின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அந்த வண்டியில் இ02 வந்தால் ஹைட்ராலிக் பம்பைக் கட்டுப்படுத்தும் பிசி-இபிசி சாலினாய்டு என்ற மின்காந்த வால்வின் சர்க்யூட்டில் கோளாறு. சாலினாய்டை அளந்தால் 7 முதல் 14 ஓம் வரை இருக்க வேண்டும். பலர் அதை அளப்பதில்லை. கண்ட்ரோலர் இல்லாமலே பம்பை ஓடவைக்கும் அவசர சுவிட்சைத் திருப்பிவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வேலை நடக்கும், ஆனால் பம்ப் எஞ்சினின் நிலைக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளாது. வாங்கப் போகிறவர் அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என ஒரு வரி சேர்த்திருந்தால் படத்துக்கும் ஒரு பயன் இருந்திருக்கும்.

நான் கேட்பது அதிகமில்லை. அந்த நான்கு வரிகளுக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டாவதாக வரும் கோளாறு எண்கள் 0 முதல் 6 வரை ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, மீட்டரை எங்கே வைக்க வேண்டும் என்று ஆபரேட்டர்களுக்கும் புரியும் தமிழில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அரைப் பக்கத்துக்கு மேல் வராது. என் பெயர் போட வேண்டியதில்லை. இந்த முறையும் வெளியிட முடியாதென்றால் தபால் அட்டையில் ஒரு வரி எழுதிவிடுங்கள், நானே அச்சடித்துக் குவாரிகளில் கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண் அள்ளும் இயந்திரங்களின் எலக்ட்ரீஷியன்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.