பொக்ஸுக்கு முன்னால் ஒரு கயிறு

ஆசிரியருக்கு,

திருவிழாக்களிலும் பிறந்தநாள் வீடுகளிலும் எங்கள் பெடியள் போடும் சத்தத்தைப் பொலிஸ் அடக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயம்தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென்று உயர் நீதிமன்றம் 2007 இலேயே உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் அது காப்பாற்றுவது அயல்வீட்டுக்காரரின் நித்திரையை. பின்னேரம் 4 மணிக்கு ஸ்பீக்கர் பொக்ஸை ஒட்டி நின்று ஆடும் பிள்ளையின் காதுக்கு அந்த உத்தரவால் ஒரு பயனும் இல்லை.

நான் ரியூசன் வகுப்பு நடத்துகிறவள். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். "நெஞ்சுக்குள்ள இடிச்சாத்தான் ரீச்சர் பாட்டு" என்றான் ஒருவன். "காது பழகிடும்" என்றாள் இன்னொருத்தி. எனக்கு உறைத்தது மூன்றாவது பிள்ளை சொன்னதுதான்: "எங்கட அப்பப்பாவுக்கு ஷெல் சத்தத்திலதான் காது போனது. பாட்டுக் கேட்டு ஆருக்குக் காது போனது?"

வன்னிப் பிள்ளைக்கு இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. 2009 இல் தப்பி வந்தவர்களில் காது மந்தமானவர்களையும், காதுக்குள் ஓயாமல் இரைகிறது என்பவர்களையும் அவர்கள் வீட்டிலேயே பார்க்கிறார்கள். சத்தம் என்றால் ஷெல், பாட்டு என்றால் சந்தோசம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். உட்காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் நத்தைச்சுருளுக்குள், சத்தத்தை உணரும் மயிர்க்கலங்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000தான் உண்டு. குண்டு ஒரு நொடியில் செய்வதைப் பாட்டு பல வருசமெடுத்துச் செய்கிறது, அவ்வளவுதான். செத்த கலம் திரும்ப முளைக்காது. பழகிவிட்டது என்று பிள்ளை நினைப்பது உண்மையில் காது களைத்துப்போவதை. விடியக் காதடைப்பு விட்டுவிடும்; அதனால் சுகமாகிவிட்டது என்று நம்புகிறார்கள். கூரிய ஒலிகளைப் பிடிக்கும் கலங்களே முதலில் பழுதாவதால், பிறகு பேச்சுக் கேட்கும், சொல் பிடிபடாது. கடைசி வாங்கில் இருந்து "என்ன ரீச்சர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிற பிள்ளையைக் கவனமில்லாதது என்று நாங்கள் ஏசுவோம்.

கணக்கைச் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம் என்கிறது. 90 என்றால் 4 மணித்தியாலம்தான். 100 என்றால் 20 நிமிடம், அதுவும் முழு வாரத்துக்கும் சேர்த்து! இயர்போனுக்கும் இதே கணக்குத்தான். (பஸ்ஸில் சீற்றுக்கு மேலே ஸ்பீக்கர் பூட்டி அலறவிடுவது பெரியவர்கள். பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?)

ஆகவே கோவில் பரிபாலன சபைகளிடமும் விளையாட்டுக் கழகங்களிடமும் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகள் கிட்டப் போகாதபடி பொக்ஸுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டுங்கள். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டார்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பொக்ஸிலிருந்து 2 மீற்றரில் நிற்கும் பிள்ளையை 8 மீற்றருக்குத் தள்ளினால் 12 டெசிபல் மிச்சம். 3 டெசிபல் குறைந்தாலே கேட்கக்கூடிய நேரம் இரட்டிப்பாகும் என்பதால், அதே பாட்டை 16 மடங்கு நேரம் கேட்கலாம். இதற்குச் செலவு ஒரு கயிறும் நாலு கம்பும். சவுண்ட் செட் பிடிக்கும்போதே கயிறு கட்டித் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் பொக்ஸுக்கு மேலே ஏறி இருப்பதையும் அந்தக் கயிறு தடுக்கும்.

வாசகி,
விசுவமடு.